களையும் திணையும்: நாஞ்சில் நாட்டு வறண்ட முற்றத்தில் தும்பையை வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

தமிழ்ப் புறத்திணை மரபில் ஒரு திணைக்கே பெயராக நிற்கும் தும்பை, இன்றைய வீட்டு முற்றத்தில் களையாகப் பறித்தெறியப்படுகிறது. இம்முரணை இலக்கிய வாசிப்பின் சிக்கலாகக் கருதுகிறது இக்கட்டுரை. தொல்காப்பியம், குறிஞ்சிப்பாட்டு, புறநானூறு ஆகியவை காட்டும் தும்பையையும், நாஞ்சில் நாட்டின் மழைகுறைந்த பகுதிகளில் தானே முளைக்கும் தும்பையையும் இணைத்து நோக்குகிறது. சுந்தர ராமசாமியின் ‘ஒரு புளியமரத்தின் கதை’ எழுப்பும் பூங்கா பற்றிய கேள்வி இந்நோக்குக்குத் துணையாகிறது. செடியை அறியாத வாசிப்பு திணைப்பெயரை வெற்றுக் குறியீடாகச் சுருக்குகிறது என்பதும், வறண்ட முற்றத்தில் தும்பைக்கு இடம் விடுதல் அவ்வாசிப்பைத் திருத்தும் ஒரு வழி என்பதும் இதன் முடிபுகள்.

திறவுச் சொற்கள்: தும்பை, புறத்திணை, நாஞ்சில் நாடு, வீட்டுத்தோட்டம், களை, விளை, தோவாளை.

முன்னுரை

‘தும்பைப்பூப் போன்ற வேட்டி’ என்னும் தொடரை அறியாத தமிழர் குறைவு. தும்பைச் செடியைச் சுட்டிக்காட்டச் சொன்னால் தயங்குவோர் இன்று பலர். ‘தும்பை விட்டு வாலைப் பிடித்தல்’ என்னும் பழமொழியில் வருவது மாட்டைக் கட்டும் தும்பு என்பதை மறந்து, அதனையும் பூவாகக் கொள்வோர் உண்டு. சொல் வழங்குகிறது, பொருள் கண்ணில் இல்லை. இந்நிலை பேச்சுவழக்கோடு நிற்பதன்று. புறத்திணைப் பாடல்களுக்கு எழுதப்படும் விளக்கங்களிலும் ‘தும்பை – ஒருவகை வெண்பூ’ என்ற அளவிலேயே குறிப்பு நின்றுவிடுகிறது. எங்கு வளரும், எப்போது பூக்கும், யார் பறிப்பர் என்னும் வினாக்கள் எழுவதில்லை.

இவ்வினாக்களை நாஞ்சில் நாட்டின் நிலத்தில் வைத்து எழுப்புவதற்குக் காரணம் உண்டு. தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களை உள்ளடக்கிய இப்பகுதி ஒரே சமயத்தில் நெல்லின் நாடாகவும் பூச்சந்தையின் நாடாகவும் அறியப்படுவது. நாஞ்சில் என்னும் சொல்லுக்கே கலப்பை என்பது பொருள். உழுது பயிர்செய்யும் பண்பாட்டைப் பெயரிலேயே தாங்கிய நிலத்தில், உழவு விலக்கும் செடி என்ன மதிப்பைப் பெறுகிறது என்று கேட்பது பொருத்தமுடையது.

இலக்கண மரபில் தும்பை

தொல்காப்பியப் புறத்திணையியல் ஏழு திணைகளைக் கூறுகிறது. வெட்சி, வஞ்சி, உழிஞை, தும்பை, வாகை, காஞ்சி, பாடாண் என்னும் அவ்வேழில், முதல் நான்கும் போர் வளர்ந்து செல்லும் நிலைகளைக் காட்டுவன. வெட்சியில் ஆநிரை பொருள். வஞ்சியில் மண் பொருள். உழிஞையில் அரண் பொருள். தும்பையில் மட்டும் கொள்ளத்தக்க பொருள் ஏதும் இல்லை. தன் வலிமையை நிலைநாட்டுவதே கருத்தாக வந்த வேந்தனை மற்றொரு வேந்தன் எதிர்சென்று பொருவதே தும்பை. ஆவோ நிலமோ கோட்டையோ இங்கு இலக்கன்று. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை திணைகளைப் பன்னிரண்டாக விரித்தபோதும் தும்பைக்குத் தனிப்படலம் தந்தது. தொண்ணூற்றாறு சிற்றிலக்கிய வகைகளுள் ‘தும்பைமாலை’யும் ஒன்றாக எண்ணப்பட்டது. இவ்வாறு இச்செடியின் பெயர் இலக்கணத்தில் நெடுங்காலம் வாழ்ந்துள்ளது.

தொல்காப்பியம் தும்பையை நெய்தலுக்குப் புறமாக வைக்கிறது. இந்த இணைப்பைப் பலரும் ஏழுக்கு ஏழு என்னும் கணக்கை நிரப்ப எழுந்த அமைப்பாகவே எண்ணிக் கடந்துவிடுகின்றனர். உரைமரபு அவ்வாறு கடக்கவில்லை. நெய்தலின் மணற்பரப்பைப் போலக் காடும் மலையும் கழனியும் அல்லாத திறந்த வெளி போர்க்களத்திற்கு வேண்டும் என்பதை நச்சினார்க்கினியர் உரை ஒரு காரணமாகக் காட்டுகிறது. நெய்தலின் உரிப்பொருளாகிய இரங்கல், களத்தில் வீழ்ந்தாரை நினைந்து இருப்போர் கொள்ளும் துயரத்தோடு ஒத்திருப்பது மற்றொரு காரணம். புறநானூற்றின் 62, 63ஆம் பாடல்கள் இதற்குச் சான்று. சேரமான் குடக்கோ நெடுஞ்சேரலாதனும் சோழன் வேற்பஃறடக்கைப் பெருவிறற்கிள்ளியும் ஒரே களத்தில் மாய்ந்ததைக் கழாத்தலையாரும் பரணரும் பாடியவை அவை. வென்றவர் இல்லாத அப்போருக்குத் தும்பைத் திணை வகுக்கப்பட்டுள்ளது. எஞ்சுவது வெறும் வெளியும் இரங்கலுமே.

உரையாசிரியர் சுட்டிய அந்த நிலத்தைச் செடியின் பக்கம் நின்று பார்த்தால் கருத்து மேலும் தெளிவாகிறது. தும்பை அடர்காட்டின் நிழலில் செழிப்பதன்று. நீர் நிற்கும் வயலில் நிலைப்பதன்று. வெயில் முழுதாக விழும் திறந்த இடம், தரிசு, வரப்பின் மேடு, பாதையோரம், மணற்பாங்கான வெளி ஆகியவையே அதற்கு உகந்தவை. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பா என்னும் கடற்கரை ஊரின் பெயரையும் இச்செடியோடு இணைத்துச் சொல்வது வழக்கம். 1963 நவம்பர் 21 அன்று இந்தியாவிலிருந்து முதல் ஏவூர்தி புறப்பட்ட மணற்கரை அது. காடும் மலையும் கழனியும் அல்லாத இடம் என்று உரை கூறுவது போர்க்களத்தின் இலக்கணம் மட்டுமன்று, தும்பை வாழும் இடத்தின் இலக்கணமும் ஆகும். உரையாசிரியர் இதனைக் கருதி எழுதினார் என்று நிறுவ இயலாது. ஆயினும் செடியை அறிந்த வாசகருக்கு அவ்வுரை வெறும் பொருத்தம் காட்டலாகத் தோன்றாது.

துழாயின் அண்டை: குறிஞ்சிப்பாட்டுச் சான்று

தும்பையைப் போரோடு மட்டும் கட்டிவைக்கும் வாசிப்புக்குக் குறிஞ்சிப்பாட்டு தடையாக நிற்கிறது. கபிலர் அப்பாட்டில் அடுக்கும் மலர்களின் வரிசையில் தும்பையும் இடம்பெறுகிறது. தினைப்புனம் காக்கும் தலைவியும் தோழியரும் நீராடியபின் பறித்துப் பாறையில் குவிக்கும் பூக்கள் அவை. அங்கே தும்பையைப் பறிப்பவை மகளிர் கைகள். அது ஆடைக்கும் கூந்தலுக்கும் ஆகும் பூ. களத்தின் மறமோ வேந்தரின் செருக்கோ அவ்விடத்தில் இல்லை. ஆகவே தும்பை புறத்துக்கே உரிய பூ என்பது பிற்கால வகைப்பாட்டின் சாய்வு. சங்கச் செய்யுளுள் அது அகத்திலும் புறத்திலும் பறிக்கப்பட்டது.

அவ்வரிசையில் தும்பையை அடுத்து நிற்பது துழாய். இவ்வண்மை கூர்ந்து நோக்கத்தக்கது. இன்றைய தாவரவியல் லியூகஸ் ஆஸ்பெரா எனக் குறிக்கும் தும்பையும், துளசியும் ஒரே குடும்பத்தைச் சார்ந்தவை. நாற்கோணத் தண்டு, எதிரெதிர் இலை, இருவுதடு கொண்ட பூ, ஒரு பூவுக்கு நான்கு சிறுகனிகள் என்னும் அடையாளங்கள் இரண்டுக்கும் பொது. கபிலர் தாவரக் குடும்பங்களை வகுத்தார் என்று கூறுவது மிகையாகும். ஓசையும் மோனையும் அவ்வரிசையை அமைத்திருக்கலாம். ஆயினும் பாறையில் அருகருகே குவிந்த இரு பூக்களும் பின்னாளில் அடைந்த நிலைகள் எவ்வளவு வேறுபட்டன என்பது வீட்டு முற்றத்தைப் பார்த்தால் விளங்கும். துளசிக்கு மாடம் கட்டப்பட்டது, விளக்கு வைக்கப்பட்டது, நாள்தோறும் நீர் வார்க்கப்பட்டது. தும்பை சிவனுக்கு உகந்த பூ என்னும் மதிப்பைப் பெற்றபோதும் மாடத்தைப் பெறவில்லை. வழிபாட்டிற்கு வேண்டுமெனில் வெளியிலிருந்து பறித்து வருவதே வழக்கமாயிற்று. ஒன்று வீட்டின் செடியாகவும் மற்றொன்று வெளியின் செடியாகவும் பிரிந்தன.

இன்றைய தும்பையே சங்கத் தும்பை என்று முழு உறுதியோடு கூறலாமா என்னும் வினா இங்கு எழும். லியூகஸ் இனத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட செடிகள் தமிழகத்தில் தும்பை என்றே அழைக்கப்படுகின்றன. கவிழ்தும்பை என்பது வேறொரு குடும்பத்தைச் சார்ந்த செடி. எனவே இனத்தளவில் பெயர்த்தொடர்ச்சியைக் கொள்ளலாமே தவிர, சிற்றினத்தை வரையறுத்து வாதிடுதல் தகாது. இக்கட்டுரையின் வாதத்திற்குத் தேவையானது பெயரும் வெண்மையும் திறந்த வெளியும் தொடர்ந்து வந்துள்ளன என்பது மட்டுமே.

நீர்வளச் சித்திரமும் விளை நிலமும்

நாஞ்சில் பற்றிய மிகப் பழைய இலக்கியச் சித்திரம் நீர்வளம் சார்ந்தது. நாஞ்சில் மலைத் தலைவனாகிய வள்ளுவனைப் பாடும் புறநானூற்றுப் பாடல்களுள் 137ஆம் பாட்டு, மழை பொய்த்தாலும் விதை சாகாமல் தழைக்கும் நாடாக அவன் நாட்டைப் போற்றுகிறது. பின்னாளில் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என இப்பகுதி பெற்ற பெயரும், 1906இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணையும், பழையாற்றுப் பாசனமும் அச்சித்திரத்தை உறுதிப்படுத்தின. வயலும் குளமும் வாய்க்காலும் நாஞ்சில் எழுத்தின் நிலையான பின்புலமாயின.

இச்சித்திரம் பொய்யன்று, ஆனால் முழுமையன்று. கன்னியாகுமரி மாவட்டம் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறுகிறது. எனினும் மேற்கிலிருந்து தென்கிழக்கு நோக்கிச் செல்லச் செல்ல மழை குறைகிறது. விளவங்கோட்டின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வருபவர் வேறொரு நாட்டுக்கு வந்துவிட்டதாகவே உணர்வர். முப்பந்தலின் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று மண்ணின் ஈரத்தையும் வாங்கிச் செல்கிறது. மேலும் வயலுக்கு வெளியே ‘விளை’ என்றொரு நிலவகை இம்மாவட்டம் முழுவதும் உண்டு. பனையும் தென்னையும் புளியும் நிற்கும் மேட்டுநிலம் அது. அம்மாண்டிவிளை, கட்டையன்விளை என ஊர்ப்பெயர்களிலும் அது பதிந்துள்ளது. இம்மாவட்டத்தின் வீடுகளில் பல வயலில் அன்று, விளையிலேயே எழுந்தவை. ஆகவே இங்குள்ள வீட்டுத்தோட்டத்தின் இயல்பான நிலை பாசனம் அன்று, மழையை எதிர்பார்த்திருத்தல்.

நீர்வளச் சித்திரத்தை உள்வாங்கிய கண்ணுக்கு விளையின் வறட்சி ஒரு குறையாகத் தெரிகிறது. அக்குறையை நீக்கக் குழாய்நீர் பாய்ச்சிப் புல்தரையும் குரோட்டன்ஸும் வளர்க்கப்படுகின்றன. அல்லது மண்ணே தெரியாதபடி முற்றம் முழுவதும் சிமெண்டுக் கற்கள் பதிக்கப்படுகின்றன. இரண்டும் வறண்ட மண்ணுக்குத் தனக்கென ஒரு தாவரம் உண்டு என்பதை மறுப்பவையே.

பூங்கா என்னும் கருத்து: ‘ஒரு புளியமரத்தின் கதை’

தோட்டம் என்றால் என்ன என்னும் கேள்வியை நாஞ்சில் எழுத்தில் கூர்மையாக எழுப்பியவர் சுந்தர ராமசாமி. 1966இல் நூலாக வெளிவந்த ‘ஒரு புளியமரத்தின் கதை’ பொதுவாகப் புளியமரத்தின் வீழ்ச்சியாகவே வாசிக்கப்படுகிறது. அந்நாவலில் அதற்கு முன்னோடியாக இன்னோர் அழிவு உண்டு. ஊரிலிருந்த காற்றாடிமரத் தோப்பு வெட்டப்பட்டு அவ்விடத்தில் பூங்கா எழுகிறது. மரத்தை ஏன் வெட்டுகிறார்கள் என்று ஒருவர் கேட்க, செடி வைப்பதற்கு என்று மற்றவர் விடை கூறுகிறார். கேள்வி நீள நீள விடைகள் தம்மைத் தாமே மறுக்கின்றன. இறுதியில், வளரும் தன்மையுள்ள எதனையும் வளரவிடாமல் வெட்டிக்கொண்டே இருப்பதுதான் பூங்கா என்னும் புரிதலில் உரையாடல் வந்து நிற்கிறது.

இப்பகுதியை நகர்மயமாதலின் மீதான அங்கதமாகக் கொள்வது சரியே. அதற்குமேலும் ஒன்று உண்டு. பூங்கா செடியை விரும்புவதன்று, செடியின் மீதான ஆணையை விரும்புவது என்பதை அவ்வுரையாடல் காட்டுகிறது. மரம், செடி என்னும் எதிர்மை அங்கு உண்மையான எதிர்மையன்று. தானே வளர்வது, வளர்க்கப்படுவது என்பதே உண்மையான எதிர்மை. இந்நோக்கில் பார்த்தால் வெட்டப்பட்ட தோப்பும் பறிக்கப்படும் தும்பையும் ஒரே பக்கத்தில் நிற்கின்றன.

ஆனால் ஒரு வேறுபாட்டையும் கூறவேண்டும். காற்றாடிமரத்தின் அழிவுக்கு இரங்க ஒரு நாவல் இருந்தது, ஏனெனில் அதன் நிழலில் மனிதர் கூடினர். புளியமரத்துக்கு வரலாறு இருந்தது, ஏனெனில் அதனைச் சுற்றி வணிகமும் அரசியலும் நடந்தன. ஒரு முழம் உயரமேயுள்ள தும்பைக்கு அத்தகைய சாட்சிகள் இல்லை. ஓராண்டுச் செடியாதலின் அதற்கு வயதும் இல்லை. நவீன நாவல் மரத்தை மாந்தராக்கக் கற்றுக்கொண்டது. சிறுசெடியை எழுதும் முறையை அது இன்னும் கண்டறியவேண்டியுள்ளது. சங்கச் செய்யுளோ சிறுசெடியின் பெயரால் ஒரு திணையையே சுட்டும் துணிவைக் கொண்டிருந்தது.

எடைக்கு நில்லாப் பூ: தோவாளையும் ஓணமும்

நாஞ்சில் நாட்டில் பூ என்றால் நினைவுக்கு வருவது தோவாளை. பிச்சியும் முல்லையும் அரளியும் சம்பங்கியும் கேந்தியும் அங்கு எடைபோட்டு விற்கப்படுகின்றன. 2025இல் புவிசார் குறியீடு பெற்ற தோவாளை மாணிக்கமாலை, அரளிப் பூக்களையும் நொச்சி இலைகளையும் கொண்டு விரிப்புப் போலத் தொடுக்கப்படுவது. மதில் காக்கும் போருக்குப் பெயர் தந்த நொச்சி இன்றும் ஒரு மாலைக்குள் இடம் பெற்றிருப்பது மகிழ்ச்சிக்குரியது. கவிமணி தம் தொகுதிக்கு ‘மலரும் மாலையும்’ எனப் பெயரிட்டதும் இந்நிலத்துக்கு இயல்பானதே. மலரின் நிறைவு மாலை என்னும் எண்ணம் இங்கு ஆழமாக வேரூன்றியது.

தும்பை இந்த ஒழுங்கிலிருந்து விலகி நிற்கிறது. தும்பையை மாலையாகத் தொடுக்க முடியாது என்பதன்று. களத்தில் சூடியதும் கோயிலில் சாத்தியதும் தும்பைதான். எனினும் அப்பூ மிகச் சிறியது, எளிதில் உதிர்வது, ஒரு படி சேர்க்க நெடுநேரம் பிடிப்பது. எடையே விலையாகும் சந்தையில் அதற்கு நிலையான இடம் கிடைப்பது அரிது.

ஓணக் காலத்தில் இவ்வேறுபாடு வெளிப்படையாகத் தெரிகிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்த இம்மாவட்டத்தில் அத்தப்பூக்கோலம் இன்றும் இடப்படுகிறது. அக்கோலத்தின் தொன்மையான பூக்களுள் தும்பை முதன்மையானது. சிறுவர் அதிகாலையில் எழுந்து வேலியோரத்திலும் விளையிலும் பறித்து வருவது அப்பழக்கத்தின் உயிர். இன்று கோலத்தின் பரப்பு பெருகியுள்ளது, நிறங்களும் பெருகியுள்ளன. அவற்றைத் தருபவை தோவாளையிலிருந்து கேரளத்திற்கும் ஏற்றுமதியாகும் கேந்தியும் வாடாமல்லியும் ஆகும். இவ்விரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடிகள். வந்த செடிகள் என்பதனால் அவற்றைத் தள்ளுதல் இக்கட்டுரையின் நோக்கமன்று. பல குடும்பங்களின் உழைப்பும் உணவும் அப்பூக்களைச் சார்ந்துள்ளன. மிளகாயும் மரவள்ளியும் போல அவையும் நம்முடையவை ஆகிவிட்டன. கவனிக்கவேண்டியது வேறு. பறிக்கும் பூ வாங்கும் பூவாக மாறியபோது, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தைத் தெரிந்துவைத்திருக்கவேண்டிய தேவை நீங்கிவிட்டது. எந்த மூலையில் எப்போது எது பூக்கும் என்னும் அறிவு சிறுவரிடமிருந்து மறைகிறது. அந்த அறிவே சங்கப் பாடல்களின் முதல் உரை எனலாம்.

முற்றத்தில் தும்பை: வளர்ப்பு முறை

தும்பையை வளர்த்தல் என்பது பெரும்பாலும் வளரவிடுதல்தான். பூ உதிர்ந்த பின்னும் கணுக்களைச் சுற்றிப் புல்லிக்குழல்கள் உருண்டையாக நிற்கும். அவை காய்ந்து பழுப்பானதும் தலைகீழாகப் பிடித்துத் தாளில் தட்டினால் சிறிய பழுப்பு விதைகள் உதிரும். அவற்றை உலர்ந்த மணலோடு கலந்து, மழை தொடங்குமுன் திறந்த இடத்தில் தூவிவிடலாம். விதை மிகச் சிறியதாதலின் ஆழப் புதைக்கக்கூடாது. மண்ணை மேலாகக் கிளறி, தூவியபின் கையால் அழுத்தினால் போதும். நாள் முழுதும் வெயில் விழும் இடமாக இருத்தல் வேண்டும்.

எருவிடுதல் தேவையில்லை. உரம் மிகுந்தால் பொதுவாகச் சிறுசெடிகளில் இலை மிகும், பூ குறையும். மேலும் உரமிட்ட மண்ணில் வேகமாக வளரும் பிற செடிகள் தும்பையை மூடிவிடும். மழை பெய்து முளைத்தபின் நெருக்கமான நாற்றுகளைக் கலைத்து, சாணளவு இடைவெளி விட்டால் செடி கிளைத்து நிற்கும். மழை நீண்டநாள் தவறினால் மட்டும் மாலையில் சிறிது நீர் தெளிக்கலாம். நீர் தேங்கும் பள்ளத்தில் அது நிலைக்காது. பூத்தபின் தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் எறும்புகளும் வரும். அவற்றின் பொருட்டேனும் அருகில் களைக்கொல்லி தெளிப்பதைத் தவிர்க்கவேண்டும்.

இவ்வளர்ப்பில் கடினமான செயல் ஒன்றே. அது துடைப்பத்தை நிறுத்துவது. நாஞ்சில் நாட்டு வீடுகளில் முற்றத்தைச் சருகின்றிப் பெருக்கி வைத்தல் குடும்பத்தின் மதிப்போடு பிணைந்தது. காய்ந்த தும்பை நிற்கும் மூலை, பார்ப்போர் கண்ணுக்குப் பேணாத மூலை. ஆனால் செடி காய்ந்து விதையை உதிர்க்கும் அந்த வாரங்களே அடுத்த பருவத்தைத் தீர்மானிக்கின்றன. பூவை மட்டும் விரும்பிக் காய்ந்த தண்டைப் பிடுங்குபவர்க்கு மறு ஆண்டு தும்பை கிடைக்காமல் போகலாம். முற்றத்தின் முன்பகுதியைப் பெருக்கிவைத்து, மதிலோரம் நான்கு முழ நீளத்தை விட்டுவைப்பது நடைமுறைக்கு ஒத்த வழி. இந்த வேலை பெரும்பாலும் பெண்களின் கையில் இருப்பதனால் முடிவும் அவர்களுடையதாதல் வேண்டும். பெருக்காமல் விட்டதற்காக ஏச்சுக் கேட்பவர் அவர்களே. எனவே வீட்டார் அனைவரும் அறிந்து ஒப்பிய மூலையாக அது இருத்தல் நலம்.

இரு வாசிப்புகளின் குறை

தும்பை பற்றி இன்று நிலவும் வாசிப்புகள் இரண்டு. ஒன்று குறியீட்டு வாசிப்பு. தும்பை என்றால் போர், வெண்மை என்றால் தூய்மை அல்லது புகழ் என்று அது சமன்பாடு எழுதுகிறது. மாணவர் தேர்வுக்கு இது போதுமாகலாம். ஆனால் பொருள்கோடல் இலக்கற்ற போருக்கு ஏன் உழவு தீண்டாத இடத்துச் செடியின் பெயர் என்னும் கேள்வியை இது கேட்க விடுவதில்லை. வெட்சி, உழிஞை, வாகை எனப் புறத்திணைப் பெயர்களாக வரும் தாவரங்களுள் நெல்லோ கரும்போ இல்லை. விளைச்சலைத் தராத தாவரங்களின் பெயர்களால் மறத்தை வகைப்படுத்திய மரபு, கலப்பையின் மதிப்பீட்டுக்கு வெளியே வேறொரு மதிப்பீட்டைப் பேணியது எனக் கருத இடமுண்டு.

மற்றொன்று மீட்பு வாசிப்பு. நாட்டுச்செடிகள் மீது எழுந்துள்ள புதிய ஆர்வத்தில், சங்கப் பெயரைச் சூட்டினாலே செடி பெருமை பெற்றுவிடுவதாக அது எண்ணுகிறது. தும்பைக்குப் பெயர்ப்பலகை வைத்து, அழகிய தொட்டியில் நட்டு, நாள்தோறும் நீர் வார்த்து, காய்ந்ததும் மாற்றிவிடும் தோட்டத்தையும் இவ்வார்வம் உருவாக்கக்கூடும். சுந்தர ராமசாமியின் மாந்தர் கண்டுகொண்ட பூங்காவே அது. செடி மட்டும் மாறியிருக்கும், ஆணை மாறியிராது. மேலும் தும்பை நம் பழம்பெருமையின் சின்னம் என்று கூறும்போது அது போர்ச்சின்னமாகவும் இருந்தது, வென்றவரில்லாக் களத்தின் பெயராகவும் இருந்தது என்பது மறைக்கப்படுகிறது. கழாத்தலையார் பாட்டை வாசித்தவர் தும்பையைப் பெருமையாக மட்டும் சூடிக்கொள்ள இயலாது.

இவ்விரு வாசிப்புகளும் ஒரு புள்ளியில் ஒத்துப்போகின்றன. இரண்டுக்கும் செடி பொருட்டன்று, அது சுட்டும் கருத்தே பொருட்டு. வறண்ட முற்றத்தில் ஒரு பருவம் தும்பையைக் கவனிப்பவர் இவற்றுக்கு வெளியே சில உண்மைகளை அறிவார். அச்செடி காற்றையும் வெயிலையும் தாங்கும், ஆனால் நிழலையும் மிகைநீரையும் தாங்காது. அதன் வெண்மை பசிய இலையின் நடுவே தெரியும்போது கண்ணைப் பறிக்கும், பறித்துக் கையில் வைத்தால் சிறிது நேரத்தில் வாடும். கண்ணியாகச் சூடவேண்டுமானால் அன்றைய காலையில் பறித்திருக்கவேண்டும். போருக்குப் புறப்படும் காலையில் யாரோ ஒருவர் வெளியில் குனிந்து இச்சிறு பூவைப் பறித்திருக்கவேண்டும் என்பது அப்போது புலனாகும். உரைக்குறிப்பு தராத இவ்வறிவு பாடலின் பொருளை மாற்றாது. அதன் எடையை மாற்றும்.

முடிவுரை

தும்பை, பெருங்காப்புத் திட்டங்கள் தேடும் அருகிய செடியன்று. இன்றும் ஆரல்வாய்மொழியின் சாலையோரத்திலும் அகத்தீசுவரத்தின் தரிசிலும் அதனைக் காணலாம். இழக்கப்படுவது செடியைக் காட்டிலும் செடிக்கும் வீட்டுக்கும் இருந்த அண்மை. முற்றம் கல்லாகவும், ஓணப்பூ கடைப்பூவாகவும், திணைப்பெயர் அடிக்குறிப்பாகவும் மாறிய மூன்று நிகழ்வுகளும் தனித்தனியானவை அல்ல என்பதே இக்கட்டுரை முன்வைக்கும் கருத்து.

இக்கருத்திலிருந்து இரு செயல்கள் பெறப்படுகின்றன. புறத்திணைப் பாடல்களைப் பயிற்றுவிக்கும் கல்லூரித் தமிழ்த்துறைகள், வளாகத்தின் பெருக்கப்படாத ஒரு மூலையில் தும்பையையும் நொச்சியையும் வாகைக் கன்றையும் நிற்க விடலாம். அதற்கு நிதியும் தேவையில்லை, நீரும் பெரிதாகத் தேவையில்லை. வெட்டும் பணியாளரிடம் அம்மூலையைச் சொல்லிவைத்தால் போதும். அடுத்து, நாஞ்சில் வட்டாரத்தில் வேலியோரச் செடிகளின் பெயர்களையும் அவை பூக்கும் மாதங்களையும் முதியோரிடமிருந்து திரட்டும் களப்பணி இலக்கிய ஆய்வின் பகுதியாகக் கொள்ளப்படவேண்டும். வயலின் சொற்களைத் தொகுக்க நாம் காட்டிய ஊக்கம் விளையின் சொற்களுக்கும் உரியது. அத்தப்பூவுக்காகத் தும்பை பறித்த தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அவர்களிடம் கேட்டு எழுதிக்கொள்ளும் காலம் இதுவே.